காக்கா உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது: 1974-ல் மான்செஸ்டர் யுனைடெட்டைக் கவிழ்த்தது யார்?

கால்பந்து பேசுகிற எந்தக் கூட்டத்திலும் இந்தக் கதை ஒரு தடவையாவது வந்துவிடும். மான்செஸ்டர் யுனைடெட்டின் செல்லப்பிள்ளையாக 11 வருஷம் ஆடியவர் டெனிஸ் லா. கடைசிக் காலத்தில் அதே ஊரின் எதிரி அணியான மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். போனவர் சும்மா இருக்காமல், பழைய வீட்டுக்கே வந்து, குதிகாலால் ஒரு கோல் போட்டு, தன்னை வளர்த்த கிளப்பையே இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளிவிட்டார்.

மகாபாரதத்தில் ஒரு கிளைக்கதையாகச் சேர்த்தால்கூட யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவ்வளவு பொருத்தமான கதை. ஒரே குறை, அதில் பாதிதான் உண்மை. கோல் போட்டது உண்மை. தள்ளிவிட்டது பொய்.

அப்படியென்றால் தள்ளிவிட்டது யார்? இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

கால்பந்து அவ்வளவாகப் பார்க்காத நண்பர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். ஐபிஎல்லில் கடைசி இடம் வந்தாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த வருஷமும் அதே அணி அதே சட்டையோடு வந்து நிற்கும். இங்கிலாந்து கால்பந்தில் அந்தக் கருணை கிடையாது. பட்டியலின் அடியில் முடித்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். அங்கே நன்றாக ஆடியவர்கள் மேலே வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்வார்கள். இதைத்தான் ரெலிகேஷன் என்கிறார்கள். வருமானம் குறையும், நல்ல ஆட்டக்காரர்கள் மூட்டை கட்டுவார்கள், ஊரே துக்க வீடு மாதிரி ஆகிவிடும். துக்க வீட்டில் எல்லாரும் கேட்கிற கேள்வியேதான் இங்கேயும்: "எப்படி ஆச்சு? யாரால ஆச்சு?"

1973-74 சீசனில் முதல் டிவிஷனில் 22 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 42 ஆட்டங்கள். ஜெயித்தால் 2 புள்ளி, டிரா செய்தால் 1. (ஜெயித்தால் 3 புள்ளி என்பது 1981-ல்தான் வந்தது.) அதற்கு முன்பெல்லாம் கடைசி 2 அணிகள்தான் இறங்கும். அந்த சீசனிலிருந்து 3 அணிகள் என்று மாற்றினார்கள். யுனைடெட் முடித்தது 21-வது இடத்தில். பழைய விதியே இருந்திருந்தாலும் தப்பித்திருக்காது. "விதியை மாத்தினதாலதான் போச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி அந்த நாளுக்குப் போவோம். 1974 ஏப்ரல் 27, சனிக்கிழமை. ஓல்டு டிராஃபோர்டு மைதானம், யுனைடெட்டுக்கும் சிட்டிக்கும் ஆட்டம். யுனைடெட்டுக்கு அந்த சீசனில் அது கடைசிக்கு முந்தைய ஆட்டம். கையில் இருந்தது 32 புள்ளி. ஏப்ரல் மாதத்தில் திடீரென்று முழித்துக்கொண்டு சில ஆட்டங்களை ஜெயித்து, ரசிகர்களுக்கு ஒரு நப்பாசையைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். ஆட்டம் முடிய 10 நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது 0-0. ஃபிரான்சிஸ் லீயிடமிருந்து வந்த பந்து, கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற லாவின் காலடியில் விழுந்தது. குதிகாலால் தட்டினார். கோல்.

லாவின் முகத்தைப் பார்த்தால் கோல் போட்டவர் மாதிரியே இருக்காது. கையைத் தூக்கவில்லை, ஓடவில்லை. சிட்டி ஆட்டக்காரர்கள் வந்து கட்டிப்பிடிக்கிறார்கள், அவர் மரம் மாதிரி நிற்கிறார். உடனே அவரை வெளியே எடுத்துவிட்டு மாற்று ஆள் இறக்கினார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் உள்ளே அனுப்ப வேண்டியதாயிற்று. மிச்ச நிமிஷங்கள் ஆடப்படவே இல்லை. 1-0 என்ற முடிவு செல்லும் என்று லீக் அறிவித்தது. 34 வயது லாவுக்கு லீக் கால்பந்தில் அதுதான் கடைசி ஆட்டம். அந்த வாரக்கடைசியில் மனசு அவ்வளவு சோர்ந்து போனதாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அவர் சோர்ந்து போக அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

யுனைடெட்டிடம் 32 புள்ளி, பாக்கி 2 ஆட்டம். இரண்டையும் ஜெயித்தால் அதிகபட்சம் 36. அதே சனிக்கிழமை பர்மிங்ஹாம் சிட்டி நார்விச்சை 2-1 என்று ஜெயித்து 37-க்குப் போய்விட்டது. வெஸ்ட் ஹாம் லிவர்பூலோடு 2-2 டிரா செய்து அதுவும் 37. சவுத்தாம்ப்டன் எவர்ட்டனை 3-0 என்று அடித்தும் 36-தான், அதனால் அவர்களும் இறங்கினார்கள். ஆக, டெனிஸ் லா அன்றைக்குக் காலில் முள் குத்தி வீட்டிலேயே படுத்திருந்தாலும், யுனைடெட் 5-0 என்று ஜெயித்திருந்தாலும், இறங்கியே தீர வேண்டும். கதவைச் சாத்தியது பர்மிங்ஹாம். இரண்டு நாள் கழித்து ஸ்டோக்கிடமும் 1-0 என்று தோற்று, அதே 32 புள்ளியோடு யுனைடெட் சீசனை முடித்தது.

காக்கா உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. காக்காவைப் பிடித்து வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது உலகம், 50 வருஷத்துக்கு மேலாக.

அப்படியானால் பழம் எப்போது பழுத்தது?

அந்த சீசனின் புள்ளிப்பட்டியலை எடுத்துக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். யுனைடெட் வாங்கிய கோல் 48-தான். 4-வது இடத்தில் முடித்த இப்ஸ்விச் வாங்கியது 58! 7-வது இடத்தில் வந்த எவர்ட்டன் வாங்கியதும் இதே 48. ஆக, தடுப்பாட்டம் ஒன்றும் ஓட்டைக் குடம் இல்லை. ஆனால் போட்ட கோல்? 42 ஆட்டத்தில் 38. 60 கோல் வாங்கியும் வெஸ்ட் ஹாம் பிழைத்ததற்குக் காரணம், அவர்கள் 55 போட்டிருந்தார்கள்.

யுனைடெட்டில் அந்த சீசனில் லீக் ஆட்டங்களில் அதிக கோல் போட்டவர் 19 வயதுப் பையன் சாமி மெக்இல்ராய். எத்தனை? 6. சிரிக்காதீர்கள், இதைவிடப் பெரிய கூத்து இருக்கிறது. அலெக்ஸ் ஸ்டெப்னி என்ற கோல்கீப்பரை பெனால்டி அடிக்க அனுப்பினார்கள். அவர் 2 அடித்தார். அந்த 2 கோலோடு சீசனின் பாதியில் அணியிலேயே அதிக கோல் போட்டவர்கள் வரிசையில் அவரும் ஒருவராக நின்றார். கோல்கீப்பர்!

(இதற்கு நேர் எதிரான கதையும் அதே ஊரில்தான் நடந்தது. 1937-38-ல் மான்செஸ்டர் சிட்டி 80 கோல் போட்டது, டிவிஷனிலேயே அதுதான் அதிகம். முந்தைய வருஷத்துச் சாம்பியனும் அவர்கள்தான். இருந்தும் இறங்கினார்கள். அந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.)

ஆக, யுனைடெட்டைக் கொன்றது கோல் வறட்சி. இதே கிளப்பில்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் லா, ஜார்ஜ் பெஸ்ட், பாபி சார்ல்டன் என்று மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருமே ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர்கள். அந்த மூன்று பேருக்குப் பிறகு யார் என்ற கேள்வியை யார் கேட்டிருக்க வேண்டும்? ஏன் கேட்கவில்லை?

1968 மே 29. வெம்ப்ளியில் பென்ஃபிக்காவை 4-1 என்று ஜெயித்து யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. இங்கிலாந்திலிருந்து அதைத் தூக்கிய முதல் கிளப். மேனேஜர் மேட் பஸ்பி. 1958-ல் மியூனிக் விமான விபத்தில் 23 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் அவருடைய ஆட்டக்காரர்கள். பஸ்பியே பிழைப்பாரா என்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பத்து வருஷம் கழித்து மறுபடி ஒரு அணியைக் கட்டி இந்தக் கோப்பையை வாங்கினார். படிக்கிற நமக்கே தொண்டை அடைக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அதே வருஷம் அவருக்கு சர் பட்டமும் கிடைத்தது.

இப்போது கொஞ்சம் கல்நெஞ்சத்தோடு அந்த அணியின் வயதைப் பார்ப்போம். பில் ஃபோக்ஸ் 36. ஷே பிரென்னன் 31. சார்ல்டன் 30. பாட் கிரெரண்ட் 29. முழங்கால் காயத்தால் அந்த இறுதி ஆட்டத்தில் ஆடவே முடியாமல் போன லா 28. பிரச்சினை அப்போதே தெரிந்தது, பார்க்க மனசு இருந்தவர்களுக்கு. அடுத்த சீசன், 1968-69, பஸ்பியே மேனேஜராக இருந்த சீசன். லீக்கில் எந்த இடம் தெரியுமா? 11. ஐரோப்பியச் சாம்பியன், சொந்த நாட்டில் 11-வது!

அந்தச் சமயத்தில் வெளியிலிருந்து பெரிதாக வாங்கியது, 1966-ல் ஸ்டெப்னி, 1968-ல் வில்லி மார்கன், அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். கிளப்பிலேயே வளர்ந்த பையன்களை வைத்து ஜெயித்தவர் பஸ்பி. அந்த வழி ஒரு காலத்தில் அற்புதமாக வேலை செய்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெஸ்ட் பிறந்து வருவான் என்று உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதே கிளப்தான் உதாரணம்.

1969-ல் பஸ்பி மேனேஜர் பதவியிலிருந்து விலகினார். விலகினார் என்று சொல்வதா என்றே தெரியவில்லை. கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, கல்லாப்பெட்டிச் சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு, தினமும் காலையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஈஸிசேர் போட்டு உட்காருகிற அப்பாக்களைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். ஜெனரல் மேனேஜர் என்று ஒரு பதவி எடுத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

மகன் இடத்தில் வந்தவர் வில்ஃப் மெக்கின்னஸ். வயது 31. அதே கிளப்பில் ஆடி, 22 வயதில் கால் எலும்பு முறிந்து ஆட்ட வாழ்க்கையை இழந்தவர். நல்ல கோச். ஆனால் அவர் அதட்ட வேண்டிய ஆட்கள் யார்? நேற்றுவரை தோளில் கை போட்டு நடந்த சார்ல்டன், லா, கிரெரண்ட். போதாததற்கு முதலில் கொடுத்த பதவியின் பெயரே மேனேஜர் இல்லை, தலைமைக் கோச். பெயரிலேயே பாதி அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அவர் காலத்தில் கிளப் வாங்கிக்கொடுத்த பெரிய ஆட்டக்காரர் ஒரே ஒருவர், ஆர்சனலில் இருந்து வந்த இயன் யூர். வந்த சில வாரத்திலேயே லாவையும் சார்ல்டனையும் அணியிலிருந்து நீக்கிப் பார்த்தார் மெக்கின்னஸ். என் கணிப்பில் அது சரியான வைத்தியம்தான். ஆனால் அதைச் செய்கிற அளவுக்கு அவருக்கு யாரும் பலம் கொடுக்கவில்லை. மூன்று கோப்பை அரையிறுதிகள் வரை போய் மூன்றிலும் தோற்றார். மூன்றாவது, மூன்றாம் டிவிஷனில் இருந்த ஆஸ்டன் வில்லாவிடம். 1970 டிசம்பரில் பதவி போயிற்று. உட்கார்ந்தது யார்? மறுபடி பஸ்பி, சீசன் முடிகிறவரை.

அடுத்து செல்டிக்கின் ஜாக் ஸ்டைனைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் வரவில்லை. லெஸ்டர் சிட்டியில் இருந்து ஃபிராங்க் ஓ'ஃபாரல் வந்தார், 1971 ஜூனில். பஸ்பி இப்போது போர்டு டைரக்டர். இந்த ஓ'ஃபாரல் கதையைப் படிக்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. வந்த மனுஷனுக்கு மேனேஜர் அறையே கிடைக்கவில்லை. அதில் பஸ்பி இருந்தார். காரிடாரில் ஒரு சின்ன அறையை இவருக்குக் காட்டினார்கள், இவர் கேட்டுத்தான் அந்த அறையை வாங்க வேண்டியிருந்தது. அணியிலிருந்து நீக்கப்பட்ட மூத்த ஆட்டக்காரர்கள் குறை சொல்ல நேராகப் பஸ்பியிடம் போனார்கள் என்றும் ஓ'ஃபாரல் பிற்பாடு சொன்னார்.

இத்தனைக்கும் அந்த டிசம்பரில் யுனைடெட் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது! நல்ல புள்ளி வித்தியாசத்தில். பிறகு 1972 புத்தாண்டு அன்று ஆரம்பித்து லீக்கில் வரிசையாக 7 தோல்வி. சீசனை முடித்தது 8-வது இடத்தில். அந்த முதல் பாதி ஒரு மாயை. பெஸ்ட் என்ற ஒற்றைத் தூணில் நின்ற பந்தல். அந்தத் தூண் ஆட ஆரம்பித்ததும் பந்தல் சாய்ந்தது. ஓ'ஃபாரல் பதறிப்போய் ஆள் வாங்கினார். மார்ட்டின் புக்கன் அருமையான தேர்வு. டெட் மெக்டூகல் விஷயம் வேறு, அதைப் பிறகு சொல்கிறேன். 1972 டிசம்பர் 16 அன்று கிரிஸ்டல் பேலஸிடம் 5-0. மூன்றே நாளில் ஓ'ஃபாரலை அனுப்பிவிட்டார்கள். பதவியில் இருந்தது 18 மாதம். மிச்ச ஒப்பந்தத்துக்கான நஷ்டஈட்டுக்கு அவர் கிளப்போடு போராட வேண்டியிருந்தது.

பஸ்பி கையில் 11-வது இடம் வந்தபோது "பாவம், களைத்துப்போய்விட்டார்" என்றார்கள். மெக்கின்னஸ் 8-வது இடம் பிடித்தபோது "சின்னப்பையன், தாங்கமாட்டான்" என்றார்கள். ஓ'ஃபாரல் அதே 8-வது இடம் பிடித்தபோது ஆள் சரியில்லை என்றார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். வேறென்ன சொல்ல?

சரி, பெஸ்ட். குற்றவாளிக் கூண்டில் லாவுக்கு அடுத்தபடியாக எப்போதும் நிற்பவர். குடித்தார், பயிற்சிக்கு வரவில்லை, 1972 மே மாதம் ஸ்பெயினில் போய் உட்கார்ந்துகொண்டு 26 வயதில் ஓய்வு பெறுகிறேன் என்றார். திரும்பி வந்தார். டிசம்பரில் மறுபடி போனார். 1973 இலையுதிர்காலத்தில் மறுபடி வந்தார். 1974 புத்தாண்டு தினத்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸோடு 3-0 என்று தோற்ற ஆட்டம்தான் யுனைடெட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம். வயது 27.

இதெல்லாம் உண்மை. ஆனால் 1967-68-ல் லீக்கில் 28 கோல், 1971-72-ல் எல்லாம் சேர்த்து 26 கோல் என்று போட்டுக்கொண்டிருந்ததும் இதே பெஸ்ட்தான். அவரைச் சுற்றி அணி கரைந்துகொண்டிருந்தது. பந்தை வாங்கி நாலு பேரைத் தாண்டி அவரே கோலும் போட வேண்டும் என்று ஒரு சின்ன வயசுப் பையன் தலையில் சுமையை வைத்தார்கள். அவன் குடிகாரன் ஆனதற்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே ஒரு ஆள் கிளம்பினால் ஒரு கிளப் கவிழ்ந்துவிடும் என்றால், தப்பு அந்த ஆளிடமா, அப்படி ஒரு கிளப்பை நடத்தியவர்களிடமா?

டாமி டாக்கர்ட்டி விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. 1972 டிசம்பரில் ஸ்காட்லாந்து அணியை விட்டுவிட்டு வந்தார். வந்ததும் ஜார்ஜ் கிரகாம், அலெக்ஸ் ஃபோர்சித், ஜிம் ஹோல்டன், லூ மக்காரி என்று ஸ்காட்லாந்து ஆட்களாக வாங்கித் தள்ளினார். முதல் சீசனில் 18-வது இடம், தப்பித்தார்கள். பஸ்பியின் நிழலைப் பார்த்துப் பயப்படாத முதல் மேனேஜர் இவர். அது நல்லது. ஆனால் 1973-ல் என்ன நடந்தது பாருங்கள். சார்ல்டன் ஓய்வு பெற்றார், 249 கோலோடு. (பிரெஸ்டன் அணிக்கு மேனேஜராகப் போனார். 1974-ல் பிரெஸ்டனும் ஒரு டிவிஷன் கீழே இறங்கியது. நேரம் சரியில்லை!) அதே கோடையில் லாவை இலவசமாகவே விட்டுவிட்டார் டாக்கர்ட்டி. 237 கோல் போட்ட மனுஷன் அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம்.

இருவருக்கும் வயதாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அனுப்பியதில் தப்பில்லை. அந்த இடத்தில் யாரை வைத்தார்? அதுதான் கேள்வி. போர்ன்மத் அணிக்காக 1971-ல் ஒரே ஆட்டத்தில் 9 கோல் போட்ட டெட் மெக்டூகல் கையிலேயே இருந்தார், ஓ'ஃபாரல் கிட்டத்தட்ட 2 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியவர். அவரை ஒரு சீசன்கூட முடியாமல் வெஸ்ட் ஹாமுக்குத் தள்ளிவிட்டார் டாக்கர்ட்டி. அவர் பிறகு நார்விச் போய், 1975-76-ல் முதல் டிவிஷனிலேயே அதிக கோல் போட்டவர் ஆனார். முன்வரிசை ஆள் இல்லாமல் 1973-74 சீசனுக்குள் நுழைந்தது டாக்கர்ட்டியின் முடிவு. அந்தப் பங்கை அவர் கணக்கில்தான் எழுத வேண்டும். கோல்கீப்பரை பெனால்டிக்கு அனுப்பியதைக் கேட்டுச் சிரிக்கிறோம். அதைவிட்டால் வேறு ஆள் இல்லாத நிலைமை எப்படி வந்தது என்பது சிரிக்கிற விஷயம் இல்லை.

சேர்மன் லூயி எட்வர்ட்ஸ், இறைச்சி வியாபாரி, 1965-லிருந்து நாற்காலியில் இருந்தவர். பஸ்பி சொன்னதே வேதம் என்று இருந்த போர்டு. மேனேஜர்களை மாற்றிக்கொண்டே இருந்தார்களே தவிர, மேனேஜருக்கு மேலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவர்களைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

எனவே என் தீர்ப்பு: பெரும் பங்கு பஸ்பிக்கு. அடுத்தது டாக்கர்ட்டி, அவரோடு போர்டு. பெஸ்டுக்குக் கொஞ்சம். மெக்கின்னஸுக்கும் ஓ'ஃபாரலுக்கும் சொற்பம். லாவுக்குச் சுழியம்.

இதைச் சொன்னால் ஹாஸ்டலில் ஒரு யுனைடெட் ரசிகன் என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை :-) அவன் வாதத்தையும் நியாயமாகப் பதிவு செய்கிறேன். "1974-ல் பஸ்பி மேனேஜரே இல்லை. அஞ்சு வருஷம் முன்னால விலகினவர் மேல பழி போடறது என்ன நியாயம்? மியூனிக்ல செத்துப் பொழைச்ச மனுஷன் கிளப்பை விட்டுத் தூரப் போயிருக்கணும்னு எதிர்பார்க்கறதே அநியாயம்" என்றான்.

இரண்டாவது வாதம் என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது. அவர் போகாததற்குக் காரணம் பேராசை இல்லை. அந்தக் கிளப்தான் அவருக்கு எல்லாம். எட்டுப் பையன்களைப் பறிகொடுத்த இடம். எழுந்து போ என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? எனக்கும் வந்திருக்காது. ஆனால் வாய் வராததால் என்ன நடந்தது என்பதும் கண்முன்னே இருக்கிறதே. அவரைச் சொல்ல முடியாத இடத்தில், சொல்லக்கூடிய ஆட்களைத் தேடினார்கள். கால் முறிந்த ஒரு பையன் கிடைத்தான், லெஸ்டரில் இருந்து வந்த ஒரு அந்நியர் கிடைத்தார், ஒரு குடிகாரர் கிடைத்தார், கடைசியில் ஒரு குதிகால் கிடைத்தது.

முதல் வாதத்துக்கு என் பதில் எளிது. 1968-ல் நடாத மரத்தில் 1974-ல் காய் இல்லை. நட வேண்டியவர் யார்?

இதே கிளப் 2013-ல் கிட்டத்தட்ட இதே பாடத்தை மறுபடி எழுதியது. சாம்பியன் பட்டத்தோடு அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார், பின்னால் விட்டுப்போனது வயதேறிய அணி, வந்த டேவிட் மோயஸ் ஒரு சீசன்கூட முடிக்கவில்லை. 2024-25-ல் 15-வது இடம், பிரீமியர் லீகில் அவர்களுடைய ஆக மோசமான இடம். இறங்கவில்லை என்பதுதான் வித்தியாசம். அதற்குக் காரணம் பணம் என்பது என் எண்ணம், தனிப் பதிவாகவே எழுத வேண்டிய சமாச்சாரம்.

1974-ல் இறங்கிய பிறகு போர்டு செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், டாக்கர்ட்டியை அனுப்பாமல் வைத்துக்கொண்டது. ஆகஸ்ட் 17 அன்று லண்டனில் ஓரியன்ட் மைதானத்தில் இரண்டாம் டிவிஷன் வாழ்க்கையை 2-0 வெற்றியோடு தொடங்கினார்கள். ரசிகர்கள் கைவிடவில்லை. அந்த சீசனில் ஓல்டு டிராஃபோர்டுக்குச் சராசரியாக 48,000 பேருக்கு மேல் வந்தார்கள். முதல் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த எந்தக் கிளப்புக்கும் அவ்வளவு கூட்டம் இல்லை. முதலிடம் பிடித்து ஒரே வருஷத்தில் மேலே வந்தார்கள்.

அந்த ஆண்டு அணியில் அதிக கோல் போட்டவர் ஸ்டூவர்ட் பியர்சன், லீக்கில் மட்டும் 17. ஹல் சிட்டியிலிருந்து 2 லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட முன்வரிசை ஆட்டக்காரர். டாக்கர்ட்டி அவரை வாங்கியது 1974 மே மாதம். டெனிஸ் லாவின் கோலுக்குச் சில வாரம் கழித்து.